லைக் வருகிறது, எண்ணெய் போகவில்லை: செக்குக்கடைக்கு எந்த விளம்பரம் உதவும்?

கேள்வி: தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கத்தில் நானும் வீட்டுக்காரரும் மரச்செக்கு போட்டு கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறோம். அக்கா மகன் இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கிக் கொடுத்து ரீல்ஸ் போடுகிறான். செக்கு முன்னால் நின்று சினிமாப் பாட்டுக்கு அவன் ஆடிய ஒரு ரீலை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். இன்னும் நிறைய பேருக்குக் காட்ட இன்ஸ்டாகிராமுக்கு 3,000 ரூபாய் கட்டி பூஸ்ட்டும் செய்தோம். லைக் வருகிறதே தவிர எண்ணெய் வாங்க ஆள் வரவில்லை. இப்போது ஒரு மார்க்கெட்டிங் ஏஜென்சி மாதம் 8,000 ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. ஒரு லிட்டர் கடலை எண்ணெயில் செலவெல்லாம் போக உங்கள் கையில் 40 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்சிக்குக் கொடுத்த 8,000 ரூபாயைத் திரும்ப எடுக்கவே மாதம் 200 லிட்டர் விற்க வேண்டும், அதுவும் இப்போது விற்பதற்கு மேல். அதைத் தாண்டி விற்கிற லிட்டரில்தான் உங்களுக்கு ஏதாவது மிஞ்சும். மாதம் எத்தனை லிட்டர் கூடுதலாகப் போகும் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ரீச் கூடும், ஃபாலோயர் கூடும் என்பார்கள், லிட்டர் கணக்கில் பதில் வராது.

அந்த நாற்பதாயிரம் பேர் யார் என்பதையும் பார்த்துவிடுவோம். அக்கா மகனிடம் சொல்லி இன்ஸ்டாகிராமில் இன்சைட்ஸ் பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள், எந்த ஊர்க்காரர்கள் பார்த்தார்கள் என்று அதிலேயே தெரியும். பாட்டுக்காகவும் ஆட்டத்துக்காகவும் பார்த்தவர்கள் எங்கெங்கோ இருப்பார்கள். ஐந்து லிட்டர் கேன் வாங்க மதுரையிலிருந்து யாரும் காரிமங்கலம் வரப்போவதில்லை. உங்கள் எண்ணெயை வாங்கக்கூடியவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று வகைதான்: சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்கள், பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டு நாள் கிழமைக்கு ஊர் வருகிறவர்கள், நெடுஞ்சாலையில் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே காரில் போகிறவர்கள். இந்த மூன்று பேருக்கும் மூன்று விதமாகச் சேதி சொல்ல வேண்டும், மூன்றுக்குமே ஆட்டம் தேவையில்லை.

முதலில் வாட்ஸ்அப். உங்கள் கடைக்கு இதுதான் உயிர், ஆனால் நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. வாட்ஸ்அப் பிசினஸ் என்று தனிச் செயலி இருக்கிறது, இலவசம். வீட்டு நம்பரில் போடாமல் கடைக்கென்று ஒரு நம்பர் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் லேண்ட்லைன் இருந்தால் அதிலும்கூடத் தொடங்கலாம். அதில் கேட்டலாக் என்ற பகுதியில் ஒவ்வொரு எண்ணெயையும் படத்தோடு போடுங்கள், விலையோடு போடுங்கள். விலை கேட்டால் "இன்பாக்ஸ் வாங்க" என்று சொல்கிற பழக்கம் இப்போது எல்லாப் பக்கங்களிலும் பரவியிருக்கிறது, எனக்கு அது கொஞ்சமும் பிடிப்பதில்லை. விலை தெரியாத பொருளைப் பாதிப் பேர் கேட்காமலே கடந்து போய்விடுவார்கள், அதுவும் நம் ஊர்ப்பக்கம் கேட்டுவிட்டு வாங்காமல் போகக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம்.

அப்புறம், கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நம்பர் வாங்குங்கள், உங்கள் நம்பரையும் அவர்கள் போனில் அங்கேயே பதிய வையுங்கள். இரண்டாவது பாதிதான் முக்கியம். ஒரே செய்தியைப் பல பேருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும். ஸ்டேட்டஸும் அப்படித்தான், இரண்டு பக்கமும் நம்பர் பதிந்திருந்தால்தான் கண்ணில் படும். குரூப் ஆரம்பிக்காதீர்கள். எண்ணெய்க் குரூப்பில் நாலு நாளில் குட் மார்னிங் படமும் கட்சிச் சண்டையும் வந்துவிடும், நல்ல வாடிக்கையாளர்தான் முதலில் வெளியே போவார்.

வாடிக்கையாளர்களைப் பிரித்து வைக்க லேபிள் வசதி இருக்கிறது. எண்ணெய் வாங்குகிறவர்கள் ஒன்று, சொந்தக் கடலையைக் கொண்டுவந்து ஆட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒன்று, வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் ஒன்று, புண்ணாக்கு வாங்குகிறவர்கள் ஒன்று. புண்ணாக்கை லேசாக நினைக்காதீர்கள். மாடு வைத்திருப்பவருக்கு அது வாடிக்கையான தேவை, "இன்னைக்கு கடலைப் புண்ணாக்கு இருக்கு, கிலோ இவ்வளவு" என்று ஒரு வரி போட்டால் போதும். செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வருகிறவர்களுக்குத் திங்கட்கிழமை மாலையே அது போய்ச் சேர வேண்டும், சந்தை முடிந்தபின் போய்ப் பயனில்லை.

எண்ணெய் வாங்குகிறவர்கள் விஷயத்தில் ஒரு நோட்டு போடுங்கள். யார், எந்தத் தேதியில், எத்தனை லிட்டர். ஒரு குடும்பத்துக்கு ஐந்து லிட்டர் எத்தனை நாள் வருகிறது என்பது இரண்டு மூன்று முறை வாங்கியதிலேயே தெரிந்துவிடும். தீரப்போகிற வாரத்தில் அவர்களுக்கு மட்டும் தனியாக, பேர் சொல்லி, "அக்கா, கடலை எண்ணெய் புதுசா ஆட்டி தெளிஞ்சிருக்கு, எடுத்து வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். மொத்தமாகப் போகிற விளம்பரத்தைப் பார்க்காமலே தள்ளிவிடுகிறவர்கள்கூட இதற்குப் பதில் போடுவார்கள். எல்லோருக்கும் தினமும் அனுப்பினால் பிளாக் செய்வார்கள், பிளாக்கும் புகாரும் அதிகமானால் வாட்ஸ்அப்பே நம்பரை முடக்கிவிடும். பொதுச் செய்தி வாரத்துக்கு ஒன்று போதும்.

வெளியூரில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த ஒன்றை வியாழன் இரவு அனுப்புங்கள். சனி, ஞாயிறில் ஊர் வருவதை முடிவு செய்கிற நேரம் அது. "ஊருக்கு வர்றவங்க சொல்லுங்க, கேன் ரெடியா இருக்கும், ஞாயித்துக்கிழமை போகும்போது எடுத்துக்கலாம்" என்று போடுங்கள். கூரியரில் எண்ணெய் அனுப்பி, வழியில் ஒழுகி, அதற்கு நஷ்டஈடு பேசுகிற தலைவலியே இதில் கிடையாது. தீபாவளி, பொங்கல், ஆடிப்பெருக்கு என்றால் ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

அடுத்தது கூகுள் மேப். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இன்ஸ்டாகிராம் தெரியாது, மேப் தெரியும். மேப்பில் உங்கள் கடையைக் காட்டுகிற பக்கத்துக்கு கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர், அதைத் தொடங்கக் காசு இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கடைதான் என்று உறுதிசெய்ய, கடையின் முகப்பு, போர்டு, உள்ளே இருக்கும் செக்கு எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம், அதை முன்பே எடுத்து வைக்காமல், கூகுள் கேட்கிற அந்த இடத்திலேயே போனில் எடுக்க வேண்டும். போர்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதே பெயரைக் கொடுங்கள். பெயரோடு "நம்பர் ஒன் மரச்செக்கு எண்ணெய் தருமபுரி கிருஷ்ணகிரி" என்று வால் சேர்த்தால் கூகுள் விதிக்கு ஆகாது, பக்கமே முடங்கலாம். அந்தச் சொற்களையெல்லாம் விவரம் எழுதும் இடத்தில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள், மக்கள் இரண்டிலும் தேடுகிறார்கள். திறக்கிற நேரம், மூடுகிற நேரம், வார விடுமுறை சரியாக இருக்கட்டும். மேப்பை நம்பி வண்டியைத் திருப்பி வந்தவர் பூட்டிய கடையைப் பார்த்தால் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுத்தான் போவார். சாலையிலிருந்து பார்த்தால் கடை எப்படித் தெரியும் என்று ஒரு படம் கட்டாயம் போடுங்கள்.

விமர்சனம், அதாவது ரிவ்யூ, இரண்டாம் முறை வந்து வாங்குகிறவர்களிடம் கேளுங்கள். ரிவ்யூ போட்டால் பத்து ரூபாய் தள்ளுபடி என்பதெல்லாம் கூடாது, கூகுள் அதைத் தடை செய்திருக்கிறது. திட்டி எழுதினால் நிதானமாகப் பதில் எழுதுங்கள். படிக்கிற புது ஆள் திட்டியவரைவிட உங்கள் பதிலைத்தான் கவனிப்பார்.

சரி, ரீல்ஸ் வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் வேறு ரீல்ஸ். சினிமாப் பாட்டு முதல் சிக்கல்: வியாபாரத்துக்குப் பாட்டைப் பயன்படுத்த உரிமை வேண்டும், அதனால்தான் பிசினஸ் கணக்குகளுக்குப் பல பாட்டுகளை இன்ஸ்டாகிராம் கொடுப்பதில்லை, போட்டாலும் சத்தத்தை அணைத்துவிடலாம். செக்கு சுற்றும் சத்தத்தையே விடுங்கள், அதைவிட நம்பிக்கை தருகிற இசை உங்கள் கடைக்கு இல்லை.

என்ன எடுப்பது என்று யோசிக்கவே வேண்டாம். கடையில் நின்று வாடிக்கையாளர் கேட்கிற கேள்வி ஒவ்வொன்றும் ஒரு வீடியோ. "பாக்கெட் எண்ணெயைவிட உங்க எண்ணெய் ஏன் இவ்வளவு விலை?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். தராசில் இரண்டரை கிலோ கடலைப்பருப்பைக் கொட்டிக் காட்டுங்கள், ஏறக்குறைய அவ்வளவு ஆட்டினால்தான் செக்கில் ஒரு லிட்டர் வருகிறது என்று சொல்லுங்கள், அன்றைய பருப்பு விலையைச் சொல்லுங்கள். கணக்கை அவர்களே போட்டுக்கொள்வார்கள். "ஒரு லிட்டர்னு சொல்றீங்க, எடை போட்டா ஒரு கிலோ இல்லையே?" இது இன்னொன்று. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும், தராசில் வைத்தே காட்டலாம். நல்லெண்ணெய்க்கு எள்ளோடு கருப்பட்டி ஏன் போடுகிறோம், அடியில் ஏன் மண்டி நிற்கிறது, எத்தனை நாள் தெளிய வைக்கிறோம் என்று போய்க்கொண்டே இருக்கும். முகத்தைக் காட்ட வெட்கமாக இருந்தால் கையும் தராசும் தெரிந்தால் போதும். நீங்கள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே பேசுங்கள், விளம்பரக் குரல் வேண்டாம். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் நிறைய, உங்களுக்கு வருமென்றால் அதே வீடியோவை இன்னொரு மொழியிலும் சொல்லிவிடலாம். எடுத்த வீடியோவை யூடியூப் ஷார்ட்ஸிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுங்கள், ஒரே வேலைக்கு மூன்று கூலி.

ஆனால் ஒன்று. "இதய அடைப்பைக் கரைக்கும், சர்க்கரையை இறக்கும்" என்கிற வசனங்களை வீடியோவிலும் சரி, போஸ்ட்டரிலும் சரி, போடவே போடாதீர்கள். எல்லோரும் போடுகிறார்கள் என்பது காரணமாகாது. 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உணவைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. அதற்குப் பதில் கேனில் ஒட்டியிருக்கும் லேபிளைக் காட்டுங்கள்: உணவுப் பாதுகாப்புத் துறை கொடுக்கிற 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், ஆட்டிய தேதி, பயன்படுத்த வேண்டிய காலம், உங்கள் முகவரி. அந்த எண் இன்னும் வாங்கவில்லை என்றால் விளம்பரத்தையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் அதை வாங்குங்கள்.

பூஸ்ட்டுக்குப் போன 3,000 ரூபாய் ஏன் வீணானது என்பதும் ஊகிக்கக்கூடியதுதான். பட்டனை அப்படியே அழுத்தினால் யாருக்குக் காட்டுவது என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும், பெரும்பாலும் லைக் போடுகிற ஆட்களாகப் பார்த்துக் காட்டும். மறுபடி செய்வதானால் இடத்தைக் கடையை மையமாக வைத்து இருபது முப்பது கிலோமீட்டர் என்று சுருக்குங்கள், நோக்கம் என்று கேட்கிற இடத்தில் மெசேஜ் என்பதைத் தேர்ந்தெடுத்து வாட்ஸ்அப் நம்பரைக் கொடுங்கள். அப்போது எத்தனை பேர் விசாரித்தார்கள் என்றாவது தெரியும். 500 ரூபாயில் ஆரம்பியுங்கள், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போகும். தராசு வீடியோ மாதிரி ஒன்று தானாகவே நன்றாக ஓடினால் அதற்கு மட்டும் காசு போடுங்கள், ஓடாததைத் தள்ளிவிட அல்ல.

விளம்பரம் பலித்து பெங்களூருவிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும், இதை நிறைய பேர் சொல்லித் தருவதில்லை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்கிறவர்களுக்கு வருடம் 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் அந்த வரம்பு பொருந்தாது, முதல் பார்சலுக்கே பதிவு வேண்டும். ஓசூர் தாண்டினால் கர்நாடகம், உங்கள் கடலை எண்ணெய் வரி உள்ள பொருள். ஆகவே கூரியரில் அனுப்பத் தொடங்கும் முன் உள்ளூர் ஆடிட்டர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

எப்போதாவது ஏஜென்சி வைத்தாலும் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கணக்கு உங்கள் நம்பரில், உங்கள் மெயிலில் இருக்கட்டும், அவர்களுக்கு வேலை பார்க்கிற அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். அக்கா மகனுக்கும் இதே விதிதான், நாளைக்கு அவன் வேலைக்கென்று ஊரைவிட்டுப் போனால் பக்கமும் கூடவே போய்விடக்கூடாது. வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குப் பாதுகாப்புப் பின்னைப் போட்டு வையுங்கள்.

நம்பர் ஊரெல்லாம் பரவினால் ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். வழக்கமாக வருவது இப்படி: ராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன், 50 லிட்டர் வேண்டும், பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின்னைப் போடுங்கள் என்பான். பணம் வாங்குவதற்குப் பின் எதுவும் போட வேண்டியதில்லை, பின் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று அர்த்தம். பணம் அனுப்பியதாகக் காட்டுகிற ஸ்கிரீன்ஷாட்டையும் நம்ப வேண்டாம், வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பின்பு கேனைக் கொடுங்கள். தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டு இருக்காமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது.