பீட்டில்ஸ் ஆந்தாலஜி பெட்டியில் நான்கு டிவிடிகள் மட்டும் இருந்தால்

பீட்டில்ஸ் இசைக்குழுவின் கதையைச் சொல்லும் இந்த ஆவணத் தொடரின் எட்டுப் பகுதிகளும் நான்கு வட்டுகளிலேயே ஓடினாலும், நீங்கள் வாங்கிய 2003ஆம் ஆண்டுப் பெட்டி முழுமையானதன்று. ஐந்தாவது வட்டு விடுபட்டிருக்கிறது.

தொடர் நான்காவதிலேயே முடிந்துவிடுவதால், முன்பு வைத்திருந்தவர் ஐந்தாவதைத் தனியே எடுத்துப் பார்த்துவிட்டு வேறு உறையில் போட்டிருக்கக்கூடும். குழுவின் உறுப்பினர்களான பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் மூவரும் 1994 ஜூனில் ஒன்றாக அமர்ந்து பழைய நாட்களை நினைவுகூரும் காட்சி அதில்தான் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை தொகுப்பின் உயிரே அதுதான். ஆகவே விற்றவரிடம் விட்டுவிடாமல் கேளுங்கள்.

அதற்கு முன், கையிலுள்ள வட்டுகளைத் திருப்பி விளக்கொளியில் பாருங்கள். ஆலையில் அச்சான வட்டின் அடிப்புறம் வெள்ளியாகவோ இளம்பொன்னாகவோ மின்னும். வீட்டில் பதிவுசெய்த நகலில் பெரும்பாலும் ஊதா தெரியும்.

ஆனால் இதே பெயரில் 2000இல் வெளிவந்த கனத்த புத்தகம் தனியாக விற்கப்பட்டது என்பதால், அது இல்லாததைக் குறையாகச் சொல்ல முடியாது.