தலைப்பில் மட்டும் தமிழ் ஏன் உடைகிறது?

வணக்கம் ஐயா,

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். விவசாயிகள் போடும் பச்சைத் தேயிலையின் எடையை அவர்களே செல்போனில் பார்க்க, ஜாவாவில் இணையப் பக்கம் எழுதும் ஜேஎஸ்பியில் ஒரு பக்கம் செய்தேன். பட்டியலில் பெயர்கள் தமிழில் சரியாக வருகின்றன. மேலே 'பச்சைத் தேயிலை வரவு' என்ற தலைப்பு மட்டும் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளாக வருகிறது. முதல் வரியிலேயே, பக்கத்துக்கான அமைப்புகளைச் சொல்லும் பேஜ் டைரக்டிவில், தமிழ் எழுத்துகளுக்கான யுடிஎஃப்-8 குறியாக்கத்தை பேஜ்என்கோடிங் என்று கொடுத்திருக்கிறேனே, அது முழுப் பக்கத்துக்கும் செல்லாதா?

- கோத்தகிரி வாசகி

வணக்கம்மா,

எது சரி, எது தப்பு என்று பிரித்துச் சொன்னதிலேயே பாதி வேலை முடிந்தது. உங்கள் தலைப்பு தனிக் கோப்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்னொரு கோப்பைப் பக்கத்தில் சேர்க்கும் இன்க்ளூட் டைரக்டிவ் போட்டு அதை உள்ளே இழுக்கிறீர்கள்.

செஷன் (வந்தவரை நினைவில் வைக்கும் பதிவு) வேண்டுமா, பஃபர் (அனுப்பும் முன் பக்கத்தைச் சேர்த்து வைக்கும் இடம்) எவ்வளவு, பிழை வந்தால் எந்தப் பக்கம் போவது என்று பேஜ் டைரக்டிவில் சொல்பவை இழுத்த கோப்புகளையும் சேர்த்து முழுப் பக்கத்துக்கும் செல்லும். கோப்பை எந்தக் குறியாக்கத்தில் படிக்க வேண்டும் என்று சொல்லும் பேஜ்என்கோடிங் அப்படியல்ல. அது எந்தக் கோப்பில் இருக்கிறதோ அந்தக் கோப்புக்கு மட்டும்தான். உங்கள் தலைப்புக் கோப்பில் அந்த வரி இல்லை. எனவே ஜேஎஸ்பியை இயக்கும் சர்வரான டாம்கேட் அதை ஐஎஸ்ஓ-8859-1 என்ற பழைய மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம் என்று எடுத்துக்கொண்டு படிக்கிறது. யுடிஎஃப்-8இல் 'ப' என்பது மூன்று பைட். ஐஎஸ்ஓ முறையில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. அதனால் ஒரு 'ப' மூன்றாக உடைகிறது: தலையில் கோடு போட்ட 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', மேலே ஏறி நிற்கும் குட்டி 'ஏ'. உங்கள் திரையில் தலைப்பின் முதல் மூன்று எழுத்துகளைப் பாருங்கள், இதேதான் இருக்கும். பெயர்கள் தரவுத்தளத்திலிருந்து வருவதால் தப்பித்தன.

தலைப்புக் கோப்பின் முதல் வரியிலும் பேஜ்என்கோடிங் கொடுத்தால் இப்போதைக்குச் சரியாகிவிடும். ஆனால் நாளைக்கு அடிக்குறிப்புக்கு இன்னொரு கோப்பு வரும், அதில் மறந்துபோகும். ஜேஎஸ்பி 2.0இலிருந்து இதற்கு நல்ல வழி இருக்கிறது. செயலியின் அமைப்புக் கோப்பான வெப்.எக்ஸ்எம்எல்லில் ஜேஎஸ்பி-ப்ராப்பர்ட்டி-குரூப் என்ற பகுதியை எழுதி, எல்லா ஜேஎஸ்பி கோப்புகளுக்கும் யுடிஎஃப்-8 என்று ஒரே இடத்தில் சொல்லிவிடுங்கள். இழுக்கும் கோப்புகளின் பெயர் ஜேஎஸ்பிஎஃப் என்று முடிந்தால் அந்த வகையையும் சேர்க்க வேண்டும். அப்புறம் டாம்கேட்டை நிறுத்தி, வொர்க் ஃபோல்டரைக் காலி செய்துவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் ஜேஎஸ்பியை டாம்கேட் ஜாவாவாக மாற்றிவைத்த பழைய வடிவம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

எழுத்துகள் கேள்விக்குறிகளாக வந்தால் அது வேறு நோய். அங்கே எழுத்தே தொலைந்திருக்கும். தரவுத்தள இணைப்பில் யுடிஎஃப்-8 சொல்லாமல் விட்டு, ஓர் ஊர் விவசாயிகளின் பெயர்களை முழுக்கக் கேள்விக்குறிகளாகச் சேமித்தவன் நான். பழைய ரசீதுகளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. தன் பெயரைத் தமிழில் பார்க்கத்தானே ஒரு விவசாயி அந்தப் பக்கத்தைத் திறக்கிறார்.

இன்னொன்று. அன்றைய விலையை மட்டும் காட்டும் பக்கம் இருந்தால் அதில் செஷனை அணைத்துவிடுங்கள். சொல்லாவிட்டால் பார்க்க வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு செஷன் உருவாகி, டாம்கேட்டில் 30 நிமிடம் நினைவகத்தில் கிடக்கும். எடைப் பக்கத்துக்கு லாகின் உண்டு என்பதால் அதில் கை வைக்க வேண்டாம்.