கமராவில் இருக்கிறது, கையில் வரவில்லை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டீ.வீ.ஆர். எனப்படும் கமராப் பதிவுப் பெட்டியைப் பற்றியவை. பெட்டியில் பதிவு இருக்கிறது, அதைக் கணினிக்கு எடுக்க முடியவில்லை என்பதே பலருடைய முறைப்பாடு. கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை நீக்கிவிட்டுத் தருகிறேன்.

கேள்வி: எங்கள் கடையில் நாலு கமரா, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். பூட்டித் தந்தவர் ஒரு மாதப் பதிவு நிற்கும் என்றார். பெருநாள் நெரிசலில் உடுப்புகள் களவு போய்விட்டன. கணக்கெடுத்து அறிய 16 நாள் ஆனது. தேடினால் அந்த நாளே பெட்டியில் இல்லை. எப்படியாவது எடுக்க முடியுமா காக்கா?
– புடவைக் கடைக்காரர், காத்தான்குடி

பதில்: முடியாது தம்பி. டிஸ்க் நிரம்பியதும் பெட்டி மிகப் பழைய நாளை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதும். எழுதியாயிற்று என்றால் யாரிடம் கொண்டுபோனாலும் காசுதான் போகும்.

உங்களுக்குச் சொன்ன "ஒரு மாதம்" கணக்குப் போடாமல் சொன்னது. ஒரு கமரா விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட் பிடிக்கும். நாலு கமராவுக்கு 86 ஜிகாபைட்டுக்கு மேல். 1 டெராபைட் 11 நாளில் நிரம்பிவிடும். படம் தெளிவாக வரட்டும் என்று 4 மெகாபிட் வைத்திருந்தால் 6 நாள்கூட நிற்காது. ஒரு மாதம் வேண்டுமென்றால் 2 மெகாபிட்டுக்கே 2.6 டெராபைட் வேண்டும், அதாவது 4 டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்க வேண்டும். இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் கூடக் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்கள். சொல்லாமல் விற்றவர் மேல்தான் பிழை. இனிமேல் கடையில் சின்னச் சந்தேகம் வந்தாலும் அன்றைக்கே அந்த ஒரு மணித்தியாலத்தைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். கணக்கெடுப்பைப் பிறகு செய்யலாம்.

கேள்வி: டீ.வீ.ஆரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் பூட்டினேன். "இந்த டிஸ்க்கை ஃபோர்மட் செய்ய வேண்டும்" என்று வருகிறது. அழுத்தலாமா?
– சாய்ந்தமருது வாசகர்

பதில்: அழுத்த வேண்டாம். அந்த டிஸ்க்கில் பெட்டி தன் சொந்த முறையில் எழுதுகிறது, விண்டோஸுக்கு அது விளங்காது. விளங்காததைத்தான் "ஃபோர்மட் செய்" என்று கேட்கிறது. டிஸ்க்கைத் திரும்பப் பெட்டியிலேயே பூட்டி, பெட்டியின் மெனு வழியாகப் பதிவை எடுங்கள்.

கேள்வி: அண்ணன், கமரா பூட்டியவர் பாஸ்வேர்ட் தர மறுக்கிறார். "தந்தால் நீங்கள் குழப்பிவிடுவீர்கள்" என்கிறார். ஒரு பதிவு தேவையென்றால் அவரே வந்து எடுத்துத் தருவார், ஒவ்வொரு முறையும் 3,000 ரூபாய். இது முறையா?
– மருந்துக்கடை நடத்துபவர், கல்முனை

பதில்: முறையே இல்லை. வருடக்கணக்காக என் நெஞ்சை அரிக்கிற விஷயம் இது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்டி. உங்கள் கடைக்குள், சிலர் வீட்டுக்குள், பூட்டிய கமரா. அதன் அட்மின் பாஸ்வேர்ட் இன்னொருவர் கையில் இருக்கிறது என்றால், கதவு போட்டுத் தந்த ஓடாவி சாவியைத் தன் மடியில் கட்டிக்கொண்டு போனதற்குச் சமன். அந்தப் பாஸ்வேர்ட் உள்ளவர் தன் வீட்டில் இருந்தபடி போனில் உங்கள் வீட்டைப் பார்க்கலாம். பதிவை அழிக்கலாம். பெண்பிள்ளைகள் நடமாடுகிற முற்றத்தில் கமரா பூட்டிய எத்தனை பேருக்கு இது தெரியும்? மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் வீட்டுக்காரருக்கு வெறும் பார்வையாளர் கணக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். அவர்களும் அதுவே எல்லாம் என்று இருக்கிறார்கள்.

"குழப்பிவிடுவீர்கள்" என்பது சாட்டு. பதிவு எடுப்பது ஐந்து நிமிட வேலை. பெட்டியில் மவுஸைப் பூட்டி மெனுவுக்குள் போனால் பெக்கப் அல்லது எக்ஸ்போர்ட் என்று ஒன்று இருக்கும். எந்தக் கமரா, எந்தத் திகதி, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று கொடுக்க வேண்டும். மெயின் ஸ்ட்ரீம், சப் ஸ்ட்ரீம் என்று கேட்டால் மெயினைத் தெரிவு செய்யுங்கள். சப் என்பது போனில் பார்ப்பதற்கான மங்கல் படம், அதில் வாகன இலக்கம் தெரியாது. பென் டிரைவ் 16 அல்லது 32 ஜிகாபைட் போதும், ஃபேட்32 முறையில் ஃபோர்மட் செய்தது. 64 ஜிகாபைட்டும் அதற்கு மேற்பட்டவையும் பெரும்பாலும் வேறு முறையில் ஃபோர்மட் செய்யப்பட்டு வருவதால் பல பழைய பெட்டிகள் அவற்றை அடையாளம் காணாது. ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டாது, அதனால் நீண்ட பதிவு துண்டு துண்டாக வரும், பயப்பட வேண்டாம். கணினியில் முதலில் வீ.எல்.சி. என்ற இலவச வீடியோ பிளேயரில் போட்டுப் பாருங்கள். ஓடாவிட்டால் அந்தப் பெட்டியின் நிறுவனம் இலவசமாகத் தருகிற பிளேயரில் ஓடும். ஒரு முழு நாள் தேவையென்றால் பென் டிரைவோடு மாரடிக்க வேண்டாம், பெட்டியையும் கணினியையும் ஒரே ரவுட்டரில் கேபிளால் இணைத்து அந்த நிறுவனத்தின் மென்பொருள் வழியே இறக்கலாம்.

இதற்கா ஒவ்வொரு தடவையும் 3,000 ரூபாய்?

இனிப் பூட்டப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பாஸ்வேர்டை நீங்களே உங்கள் கையால் அடித்து வையுங்கள், பூட்டுகிறவர் மற்றப் பக்கம் பார்த்து நிற்கட்டும். மறந்தால் மீட்பதற்குக் கேட்கிற மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். போனில் பார்க்கிற செயலியையும் உங்கள் இலக்கத்திலேயே பதியுங்கள். பல நிறுவனங்களில் முதலில் பதிந்தவர்தான் உரிமையாளர், பிறகு அவர் விடுவித்தால்தான் உங்களுக்கு வரும். மிச்சக் காசைக் கொடுக்குமுன், "தம்பி, இப்போது நடந்த பத்து நிமிடத்தை இந்தப் பென் டிரைவில் எடுத்து, என் கணினியில் ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பதிவை வெளியே எடுத்துக் காட்டாத பெட்டிக்கு முழுக் காசு கொடுக்கக் கூடாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாஸ்வேர்டை எழுத்தில் கேளுங்கள், வட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி. மறுத்தால் பெட்டியின் தொடர் இலக்கத்தோடும் பற்றுச்சீட்டோடும் அந்த நிறுவனத்தின் இலங்கை முகவரிடம் போங்கள், அவர்கள் மாற்றித் தருவார்கள். உள்ளே இருக்கிற பற்றரியைக் கழற்றினால் பாஸ்வேர்ட் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் பாஸ்வேர்ட் போகாது, நேரம்தான் குழம்பும்.

கேள்வி: ஃபேஸ்புக்கில் பார்த்து எட்டுக் கமரா டீ.வீ.ஆர். ஒன்றை வாங்கினேன். காசை முதலே போட்டுவிட்டேன். பில் தரவில்லை. வந்த பெட்டியில் ஹார்ட் டிஸ்க் இல்லை. இப்போது போனையும் எடுக்கிறார் இல்லை.
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: விளம்பரத்தில் ஹார்ட் டிஸ்க் என்று இருந்ததா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. டீ.வீ.ஆரைப் பெரும்பாலும் டிஸ்க் இல்லாமல்தான் விற்பார்கள். ஆளைத் தெரியாது, பில் இல்லை, கேட்கவும் இல்லை, காசு மட்டும் முதலே போய்விட்டது. போன மாதமும் இதே பத்தியில் இதையே எழுதினேன். விளம்பரத்தின் படம், காசு போட்ட சீட்டு, பேசிய செய்திகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு போடுங்கள்.

கேள்வி: "புதியது" என்று சொல்லிப் பெட்டியும் டிஸ்க்கும் சேர்த்து 62,000 ரூபாய்க்கு விற்றார்கள். இரண்டு மாதத்தில் பதிவுகள் இடையிடையே இல்லாமல் போயின. மகன் டிஸ்க்கைக் கணினியில் போட்டுப் பார்த்து, அது 27,000 மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்கிறான். கடையில் சொன்னால் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற பலகையைக் காட்டுகிறார்கள்.
– அரிசி ஆலை உரிமையாளர், ஏறாவூர்

பதில்: உங்கள் மகன் கெட்டிக்காரன். ஒரு வருடத்துக்கு 8,760 மணித்தியாலம். 27,000 என்றால் இரவு பகலாக மூன்று வருடத்துக்கு மேல் ஓடிய டிஸ்க். எங்கேயோ கழற்றி, துடைத்து, புதிய பெட்டிக்குள் போட்டு உங்களுக்கு விற்றிருக்கிறார்கள். அது வியாபாரம் இல்லை, ஏமாற்று.

பலகைக்குப் பயப்பட வேண்டாம். பழையதைப் புதியது என்று விற்றவரை ஒரு பலகை காப்பாற்றாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது, அதனால் இந்தக் கிழமையே எழுதுங்கள். மணித்தியாலம் தெரிகிற திரையைப் படம் எடுத்து, டிஸ்க்கின் தொடர் இலக்கம் தெரிய இன்னொரு படம் எடுத்து, பற்றுச்சீட்டின் பிரதியோடு மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருக்கிற அதிகார சபையின் அலுவலகத்தில் கொடுங்கள். 1977க்கு அழைத்தும் விசாரிக்கலாம். டிஸ்க்கை அதுவரை கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள். "பார்த்துத் தருகிறோம்" என்று வாங்கி மாற்றிவிடுவார்கள். என்ன நடந்தது என்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

மற்றவர்களுக்கு: கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இந்த மணித்தியாலத்தைக் காட்டும். கடையிலேயே பார்க்கக் கேளுங்கள். புதிய டிஸ்க்கில் ஒற்றை இலக்கம்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: 2 டெராபைட் பென் டிரைவ் 2,800 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கமராப் பதிவு முழுவதையும் அதில் சேமிக்கலாம் என்று நினைக்கிறேன்.
– செங்கலடி வாசகி

பதில்: வாங்க வேண்டாம் தங்கச்சி. இதே மாதிரி ஒன்றைக் கொழும்பு புறக்கோட்டையில் நடைபாதையில் வாங்கினேன். அம்மாவின் 31ஆம் நாள் கிரியை வீடியோவை அதில் போட்டுவிட்டுக் கணினியில் இருந்ததை அழித்துவிட்டேன். கோப்புகளின் பெயர் எல்லாம் இருந்தது, திறந்தால் முதல் சில நிமிடங்கள் தவிர ஒன்றும் இல்லை. உள்ளே இருந்தது 32 ஜிகாபைட்தான், 2 டெராபைட் என்று பொய் காட்டும்படி மாற்றியிருக்கிறார்கள். நிரம்பிய பிறகும் எழுதுவது போலவே காட்டும். தம்பி குடும்பம் கனடாவிலிருந்து வந்து நின்ற ஒரே நாள் அது. வேறு பிரதி இல்லை.

எந்தப் பென் டிரைவ் வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதி வாசித்துப் பார்த்த பிறகே பாவியுங்கள். பெரிய சேமிப்புக்கு பில்லோடும் உத்தரவாதத்தோடும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்குங்கள்.

கேள்வி: என் கடை முன்னால் நடந்த விபத்தைப் பொலிஸார் கேட்டார்கள். பதிவில் இரவு 9.10 என்று வருகிறது. விபத்து நடந்தது மாலை 6.40க்கு. பொய்ப் பதிவு என்று சொல்வார்களோ? நேரத்தைத் திருத்திவிடவா?
– ஓட்டமாவடி வாசகர்

பதில்: இப்போதைக்குத் திருத்த வேண்டாம். சரியாக இரண்டரை மணித்தியால வித்தியாசம் என்றால் பெட்டி சீன நேரத்தில் நிற்கிறது. அங்கே உலக நேரத்திலிருந்து 8 மணித்தியாலம், எங்களுக்கு ஐந்தரை. முதலில் பதிவை அப்படியே எடுங்கள். பெட்டியின் திரையில் ஓடுகிற நேரத்தையும் உங்கள் போனின் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்து, இரண்டையும் பொலிஸாரிடம் கொடுத்து விளக்குங்கள். நேரத்தைப் பின்னுக்கு மாற்றினால் சில பெட்டிகளில் அந்த இரண்டரை மணித்தியாலப் பதிவு ஒன்றின் மேல் ஒன்றாகக் குழம்பும். எல்லாம் எடுத்த பிறகு திருத்தலாம்.

கேள்வி: மாமாங்கேஸ்வரர் கோவில் தீர்த்தோற்சவ நேரடி ஒளிபரப்பை டிஷ் ரிவிப் பெட்டியில் பதிந்து வைத்திருக்கிறேன். கணினியில் ஓடவில்லை.
– வாழைச்சேனை வாசகி

பதில்: ஓடாது. மாதக் கட்டணப் பெட்டிகள் பதிவைப் பூட்டித்தான் எழுதும், அந்தப் பெட்டியில் மட்டும்தான் திறக்கும். பெட்டி பழுதானால் பதிவும் போய்விடும்.

கேள்வி: 2003இல் நடந்த எங்கள் கல்யாணம் மினி டீ.வீ. எனப்படும் சின்ன வீடியோக் கசட்டில் இருக்கிறது. சுனாமியில் வீடு போனபோது அண்ணா வீட்டில் இருந்ததால் இது மட்டும் தப்பியது. ஒரு ஸ்ரூடியோவில் "எச்.டி. ஆக்கித் தருகிறோம்" என்று 15,000 ரூபாய் வாங்கினார்கள். தந்த டீ.வீ.டி. மங்கலாக இருக்கிறது, குரலும் பிந்தி வருகிறது.
– திருக்கோவில் வாசகி

பதில்: அக்கா, கசட்டைத் திருப்பி வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே போய் வாங்குங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அந்தக் கசட்டில் இருப்பது 720க்கு 576 புள்ளிப் படம். யாராலும் அதை எச்.டி. ஆக்க முடியாது, பெரிதாக்க மட்டும்தான் முடியும். அவர்கள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் பூட்டுகிற மலிவான யூ.எஸ்.பி. கருவியால் எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி ஒன்றை வாங்கித் தங்கையின் கல்யாணக் கசட்டை எடுத்தேன். நிறம் கரைந்து, பாதி வழியில் தாலி கட்டுகிறபோது மேளம் வேறாகவும் கை வேறாகவும் போனது. முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டி வந்தது.

சரியான வழி ஃபயர்வயர் கேபிள், அந்தக் கால வீடியோக் கமராவை நேரே கணினியோடு இணைக்கிற கேபிள். கசட்டில் உள்ள தரவு ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே கணினிக்கு வரும், ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட். இன்னொரு ஸ்ரூடியோவில் கொடுக்கும்போது "ஃபயர்வயரில் எடுத்து, அந்த மூலக் கோப்பையே என் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் தாருங்கள்" என்று சொல்லுங்கள். விளங்காதவர்களிடம் கொடுக்க வேண்டாம். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் ஓட்டவே விடாதீர்கள், முதலில் துப்புரவு செய்ய வேண்டும். மாரி தொடங்கினால் எங்கள் கரையோரத்து ஈரத்தில் இன்னும் பிடிக்கும், அதற்கு முன் எடுத்துவிடுங்கள். அந்த 15,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். எச்.டி. என்று சொல்லித்தானே வாங்கினார்கள்.

கேள்வி: வீட்டிலிருந்த பழைய டீ.வீ.ஆரை டிஸ்க்கோடு விற்கலாமா?
– ஆரையம்பதி வாசகர்

பதில்: டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் விற்றுவிடுங்கள்.