காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தில் சேரும் இளம் அலுவலர் முதலில் எதில் பயிற்சி பெற வேண்டும்?

சட்டப் பட்டம் பெற்று, இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்தில் உதவி மேலாளராகத் தேர்வாகியிருக்கும் ஒருவர் முதல் சில ஆண்டுகளில் எதைக் கற்க வேண்டும், எந்தப் பயிற்சியும் சான்றிதழும் உண்மையில் பயன்படும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒழுங்குமுறை அமைப்பில் பணியாற்றியவன் அல்லன். பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன். ஆய்வுக் குழு வரும்போதெல்லாம் அவர்கள் கேட்கும் பதிவேடுகளையும் கோப்புகளையும் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பாக இருந்தது. எனவே ஆய்வுக்கு உட்பட்டவர்களின் பக்கத்தில் அமர்ந்து கண்டவற்றிலிருந்தே இதை எழுதுகிறேன்.

சட்டப் பிரிவுகளைக் கற்பது உங்களுக்குக் கடினமாக இராது. 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் ஆய்வு அதிகாரம் தரும் 33-ஆம் பிரிவையும், நிறுவனத்துக்குக் கட்டளையிடும் அதிகாரம் தரும் 34-ஆம் பிரிவையும், 1999-ஆம் ஆண்டின் ஆணையச் சட்டத்தில் கடமைகளை வரையறுக்கும் 14-ஆம் பிரிவையும் நீங்கள் விரைவில் மனப்பாடமாகவே சொல்வீர்கள். பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. ஒழுங்குமுறை அலுவலர் ஒருவருக்கு முதன்மையாக வேண்டிய திறன், நிறுவனத்தின் கணக்கில் இருக்கும் இழப்பீட்டு ஒதுக்கீடு (இனிக் கொடுக்க வேண்டிய இழப்பீடுகளுக்காக எடுத்து வைக்கும் தொகை) என்ற எண்ணை ஐயத்தோடு படித்து, அது எவ்வாறு உருவானது என்பதை அடியிலிருந்து மீண்டும் கட்டிப் பார்க்கும் திறன். எந்தப் பயிற்சியில் சேர்வதாக இருந்தாலும், இந்தத் திறனை அது வளர்க்குமா என்பதைக் கொண்டே அதன் மதிப்பை அளக்க வேண்டும் என்பேன்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற வணிகர்கள் பொருளின் அடக்கவிலையை அறிந்த பிறகே விலை வைக்கிறார்கள். காப்பீட்டு நிறுவனமோ பிரீமியத்தை முதலில் வாங்கிக்கொண்டு, அதன் அடக்கவிலை என்ன என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிகிறது. மோட்டார் வாகனங்களுக்கான மூன்றாம் தரப்புக் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விபத்து இன்று நடக்கிறது. பாதிக்கப்பட்டவரின் குடும்பம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் பின்னர் மனுச் செய்கிறது. தீர்ப்பு வர ஆண்டுகள் ஆகின்றன. அதன் மேல் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மனுச் செய்யக் கால வரம்பே இல்லாமல் இருந்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஆறு மாத வரம்பை மீண்டும் கொண்டுவந்து, அது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு நீண்ட காலத்துக்கு நிறுவனம் தன் ஏட்டில் ஒரு மதிப்பீட்டை வைத்திருந்தாக வேண்டும். தெரிவிக்கப்பட்ட கிளெய்ம்களுக்குக் கிளெய்ம் பிரிவு கோப்புவாரியாக ஒரு தொகையைக் குறிக்கிறது. நடந்துவிட்ட, ஆனால் இன்னும் நிறுவனத்தின் கவனத்துக்கு வராத விபத்துகளுக்கு, பழைய ஆண்டுகளின் போக்கைக் கொண்டு நியமன ஆக்சுவரி, அதாவது நிறுவனம் நியமித்த காப்பீட்டுக் கணிப்பாளர், ஒரு தொகையைக் கணக்கிடுகிறார். இரண்டுமே மதிப்பீடுகள், இரண்டிலும் நம்பிக்கைக்கும் ஆசைக்கும் இடம் உண்டு.

அந்த இடம் எவ்வளவு ஆபத்தானது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். ஒரு நிறுவனத்தின் இழப்பீட்டு ஒதுக்கீடு 1,000 கோடி ரூபாய், அது வைத்திருக்க வேண்டிய சால்வென்சி தொகை (பொறுப்புகளுக்கு மேல் அரணாக வைக்கும் கூடுதல் சொத்து) 300 கோடி, அதன் கையில் இருப்பது 480 கோடி என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 1.6, நம் நாட்டில் கட்டாயமான 1.5-ஐ விட மேலே இருப்பதால் எல்லாம் நலம் என்று தோன்றும். ஆனால் ஒதுக்கீடு 5 சதவீதம் மட்டும் குறைவாகப் போடப்பட்டிருந்தால், கையிருப்பு 430 கோடியாகிறது, விகிதம் 1.43-க்கு இறங்கிவிடுகிறது. ஆண்டறிக்கையின் எந்தப் பக்கத்திலும் அந்த 5 சதவீதம் தனியே எழுதப்பட்டிருக்காது. கோப்புகளைத் திறந்து, மூன்றாண்டுகளுக்கு முன் குறிக்கப்பட்ட தொகையையும் இறுதியில் கொடுக்கப்பட்ட தொகையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் கண்ணுக்குத்தான் அது தெரியும்.

நான் கண்ட ஆய்வுக் குழுக்களில் இருவகை உண்டு. ஒரு வகையினர் நாங்கள் தயாரித்துத் தந்த சுருக்க அட்டவணைகளைச் சரிபார்ப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுக் குறியிட்டுச் சென்றார்கள். மற்ற வகையினர் மிகச் சிலர். அவர்கள் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, தாங்களே தேர்ந்தெடுத்த கிளெய்ம் எண்களின் மூலக் கோப்புகளைக் கேட்டார்கள், இழப்பை மதிப்பிடும் சர்வேயர் தந்த அறிக்கையின் தேதியையும் வழக்கறிஞர் கருத்துரையின் தேதியையும் ஒதுக்கீடு மாற்றப்பட்ட தேதியையும் வரிசையாக எழுதிப் பார்த்தார்கள். இரண்டாம் வகையினர் வந்த ஆண்டுகளில் எங்கள் பிரிவின் கணக்கு முறையே திருந்தியது. அவர்கள் முதல் வகையினரை விட அதிகம் படித்தவர்கள் அல்லர். அவ்வாறு பார்க்க அவர்களுக்கு மூத்தவர் ஒருவர் கற்றுக்கொடுத்திருந்தார் என்பதுதான் வேறுபாடு.

இந்தத் திறன் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் எச்.ஐ.எச். நிறுவனத்தை விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பயிற்சியின் முதல் வாரத்திலேயே இதைப் பாடமாக வைக்க வேண்டும் என்று கருதுகிறேன். அந்த நாட்டின் மிகப் பெரிய பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்றான எச்.ஐ.எச்., 2000 ஜூன் 30-ஆம் தேதிக் கணக்கில் 93.9 கோடி ஆஸ்திரேலிய டாலர் நிகரச் சொத்து காட்டியது. 2001 மார்ச் 15 அன்று அது தற்காலிகக் கலைப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. பற்றாக்குறை 360 கோடி முதல் 530 கோடி டாலர் வரை இருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. நீதிபதி நெவில் ஓவன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2003-இல் அளித்த அறிக்கை, அடிப்படைக் காரணம் போதிய ஒதுக்கீடு இல்லாமையே என்று கண்டது. எதிர்பாராததற்கென மதிப்பீட்டின் மேல் வைக்க வேண்டிய கூடுதல் அரணை அந்த நிறுவனம் வைக்கவே இல்லை. குறைவை மறைக்க மறுகாப்பீட்டு ஒப்பந்தங்கள், அதாவது தன் இடரை வேறொரு நிறுவனத்திடம் காப்பீடு செய்யும் ஒப்பந்தங்கள், பயன்பட்டன. வெளியே மறுகாப்பீடு போலத் தோன்றிய அவற்றில், ஒப்பந்தத்துக்கு வெளியே தனியே எழுதிக்கொண்ட பக்கக் கடிதங்களின் வழியாக, இடர் உண்மையில் மறுகாப்பீட்டாளருக்கு மாறவே இல்லை. ஏறத்தாழ 30 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட எஃப்.ஏ.ஐ. நிறுவனமும் தன் பங்குக்கு ஒதுக்கீட்டுக் குறையைக் கொண்டுவந்து சேர்த்தது.

ஒழுங்குமுறை அமைப்பு அப்போது எந்த நிலையில் இருந்தது என்பதுதான் நம் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது. ஏப்ரா எனப்படும் ஆஸ்திரேலிய அமைப்பு 1998 ஜூலையில்தான் பிறந்தது. கான்பெராவில் இருந்த பழைய காப்பீட்டு ஆணையத்தின் பணிகள் சிட்னிக்கு மாற்றப்பட்டபோது, காப்பீட்டை ஆண்டுக்கணக்கில் மேற்பார்வையிட்ட அலுவலர்கள் பலர் உடன் செல்லவில்லை. சட்டமும் அதிகாரமும் புதிய அலுவலகத்துக்கு மாறின. கோப்பைப் பார்த்தவுடன் எங்கே கைவைக்க வேண்டும் என்று அறிந்த அனுபவம் மாறவில்லை. நிறுவனத்தின் வீழ்ச்சிக்கு ஏப்ரா காரணம் அல்ல என்று அரச ஆணையம் தெளிவாகச் சொன்னது. ஆனால் எச்சரிக்கை அறிகுறிகள் பலவற்றை அது தவறவிட்டது என்றும், செயல்படத் தாமதித்தது என்றும் அதே அறிக்கை சொன்னது. அதன்பின் ஏப்ரா, ஒவ்வொரு நிறுவனத்தின் இடரையும் மதிப்பிட்டுத் தரப்படுத்தவும், அந்தத் தரத்துக்கேற்ற நடவடிக்கையைத் தொடங்கவும் 2002-இல் பேர்ஸ், சோர்ஸ் என்ற இரு முறைகளை உருவாக்கியது. தனி அலுவலரின் தயக்கத்துக்கு இடமில்லாமல் செய்வதே அவற்றின் நோக்கம். எனினும் தரம் இடுபவருக்கு எண்ணைப் படிக்கத் தெரியாவிட்டால், எந்த முறையும் அவருக்காகச் சிந்தித்துவிடாது.

சட்டம் படித்த உங்களுக்கு இதில் தனி இடம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1762-இல் தொடங்கப்பட்ட ஈக்விட்டபிள் லைஃப் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், 1957 முதல் 1988 வரை விற்ற ஓய்வூதிய பாலிசிகளில் ஆண்டுத்தொகை விகிதத்துக்கு (சேர்ந்த பணத்துக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் ஓய்வூதிய விகிதம்) உத்தரவாதம் தந்திருந்தது. வட்டி விகிதம் வீழ்ந்தபோது, உத்தரவாதத்தைத் தேர்ந்தெடுப்போருக்கு இறுதி போனஸைக் குறைத்து நிறுவனம் ஈடுகட்டப் பார்த்தது. 2000 ஜூலையில், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சுமார் 150 கோடி பவுண்டு கூடுதல் பொறுப்பு நிறுவனத்தின் மேல் விழுந்தது. அதே டிசம்பரில் அது புதிய பாலிசிகள் விற்பதை நிறுத்திக்கொண்டது. பாலிசியின் ஒரு வாசகத்தை நீதிமன்றம் எவ்வாறு படிக்கக்கூடும் என்று வழக்கறிஞர் கேட்பதும், அப்படிப் படித்தால் எவ்வளவு ஆகும் என்று ஆக்சுவரி கணக்கிடுவதும் ஒரே மேசையில் நடந்தாக வேண்டும். ஆணையம் உதவி மேலாளர்களைச் சட்டம், ஆக்சுவரி, நிதி, தகவல் தொழில்நுட்பம், ஆராய்ச்சி, பொது என்று பிரித்துத் தேர்வு செய்வது நியாயமே; ஆனால் பயிற்சியையும் அதே போலப் பிரித்துவிடக் கூடாது.

இனிப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்பது. நம் நாட்டில் 1955 முதல் இயங்கும் மும்பையின் இந்தியக் காப்பீட்டுக் கழகம் லைசன்ஷியேட், அசோசியேட், ஃபெல்லோ என்ற மூன்று படிகளில் தேர்வு நடத்துகிறது. பாடங்கள் தொழிலின் அடிப்படையை நன்றாகத் தருகின்றன. புணேயில் 1980-இல் அமைந்த தேசியக் காப்பீட்டுக் கல்விக்கழகமும், ஆணையமும் அன்றைய ஆந்திர அரசும் சேர்ந்து 2002-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய காப்பீடு மற்றும் இடர் மேலாண்மை நிறுவனமும் இருக்கின்றன. இவற்றில் கற்பவர்களில் பெரும்பான்மையினர் காப்பீட்டு நிறுவனங்களின் ஊழியர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஒரு பொருளை எவ்வாறு வடிவமைத்து விற்பது என்ற கோணத்தில் கற்றதையே, அது எங்கே உடையக்கூடும் என்ற கோணத்தில் திருப்பிப் படிக்கும் வேலை உங்களுடையது.

மேற்பார்வையாளர்களுக்கென்றே எழுதப்பட்டவை பன்னாட்டு அமைப்புகளிடம் கிடைக்கின்றன. 1994-இல் தோன்றிப் பாசல் நகரிலிருந்து இயங்கும் பன்னாட்டுக் காப்பீட்டு மேற்பார்வையாளர்கள் சங்கத்தின் அடிப்படைக் கோட்பாடுகளை இணையத்தில் எவரும் படிக்கலாம். மேற்பார்வை அமைப்பின் சுதந்திரத்தையும் ஊழியர் திறனையும் பேசும் 2-ஆம் கோட்பாடு, மேற்பார்வை ஆய்வைப் பேசும் 9, மறுகாப்பீட்டைப் பேசும் 13, சொத்துப் பொறுப்பு மதிப்பீட்டைப் பேசும் 14 ஆகிய நான்கையும் எச்.ஐ.எச். அறிக்கையோடு சேர்த்துப் படியுங்கள். ஒவ்வொரு வரியும் ஏன் எழுதப்பட்டது என்று விளங்கும். 1998-இல் நிறுவப்பட்ட டொரான்டோ மையம், நெருக்கடியில் சிக்கிய கற்பனை நிறுவனம் ஒன்றை முன்வைத்துப் பங்கேற்பாளர்களை முடிவெடுக்க வைக்கும் முறையில் வகுப்பு நடத்துகிறது. அலுவலகம் அனுப்ப முன்வந்தால் தயங்காமல் செல்லுங்கள்.

சான்றிதழ் பற்றிய கேள்விக்கு அமெரிக்க அனுபவம் உதவும். அங்கே காப்பீட்டை மாநிலங்களே ஒழுங்குபடுத்துகின்றன. 1980-களில் பெரிய நிறுவனங்கள் சில திவாலான பின்னர், மாநில ஆணையர்களின் தேசியச் சங்கம் 1989-இல் தரநிலைகளை வகுத்து, ஒவ்வொரு மாநிலத் துறையையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுமையாக மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. அந்த மதிப்பீட்டில் துறை ஊழியர்களின் தகுதியும் பார்க்கப்படுகிறது. நிதி ஆய்வாளர்களுக்கும், நிறுவனங்கள் வாடிக்கையாளரை நடத்தும் விதத்தைப் பார்க்கும் சந்தை நடத்தை ஆய்வாளர்களுக்கும் தனித்தனித் தொழில்முறைச் சங்கங்கள் தேர்வு வைத்துப் பட்டம் வழங்குகின்றன. ஆணையர்களின் சங்கமே ஒழுங்குமுறை அலுவலர்களுக்கென நான்கு படிகள் கொண்ட தகுதித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அலுவலரின் கல்வி அவருடைய தனிப்பட்ட ஆர்வத்துக்கு விடப்படாமல், அமைப்பின் நற்பெயரோடு பிணைக்கப்பட்டிருப்பதே இதில் எனக்குப் பிடித்த அம்சம். இங்கும் பதவி உயர்வோடு அத்தகைய படிநிலை இணைய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஒதுக்கீட்டைப் பற்றியே பேசிவிட்டதால், பாலிசிதாரரை மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சேர்ந்த முதலாண்டில், அனுமதி பெற்று, ஏதேனும் ஒரு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் சில வாரங்கள் இருந்து புகார்களைப் படியுங்கள். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரியது சென்னையில் இருக்கிறது. மருத்துவமனை விடுவிப்புக் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான இறுதி ஒப்புதல் தரப்பட வேண்டும் என்று ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் கட்டளையிட்டது. இது பின்பற்றப்படுகிறதா என்று அறிய, நிறுவனம் தரும் சதவீதத்தை ஏற்றுக்கொள்வது போதாது. கணினிப் பதிவில் கோரிக்கை வந்த நேரமும் ஒப்புதல் சென்ற நேரமும் எங்கே பதிவாகின்றன, கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியதும் கடிகாரம் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். பிரீமியம் கட்டியும் படுக்கையை விட்டு எழ முடியாமல் மாலைவரை காத்திருக்கும் நோயாளிக்கு அந்த ஒரு விவரம்தான் முக்கியம்.

ஆகவே உங்கள் முதல் மூன்றாண்டுகளுக்கு நான் சொல்லக்கூடிய வரிசை இது. முதலாண்டில் லைசன்ஷியேட் தேர்வை முடித்துவிட்டு, குறைதீர்ப்பாளர் அலுவலகத்துப் புகார்களைப் படியுங்கள். இரண்டாம் ஆண்டில் நிதிப் பிரிவிலோ ஆக்சுவரிப் பிரிவிலோ இருக்கும் மூத்தவர் ஒருவரோடு ஆய்வுக்குச் சென்று, ஒரே ஒரு வணிகப் பிரிவின் ஒதுக்கீட்டை முழுவதும் நீங்களே கட்டிப் பாருங்கள். மோட்டார் மூன்றாம் தரப்பு கிடைத்தால் மிக நன்று. காப்பீட்டு ஒப்பந்தங்களுக்கான இந்தியக் கணக்குத் தரநிலை 117, 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டுவிட்டது என்பதால், மூன்றாம் ஆண்டை அதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு ஆய்வு முடிந்ததும், நீங்கள் கேட்ட கேள்விகளையும், கேட்காமல் விட்டுப் பின்னர் தேவைப்பட்ட கேள்விகளையும் தனியே எழுதி வைத்து, அடுத்து வரும் இளையவரிடம் கொடுங்கள்.