மறுமொழி: மாலையில் சுடும் தண்ணீர் காலையில் ஆறிவிடுகிறது, மின்சாரமும் குறைகிறது

வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் இரண்டு ஹைப்ரிட் பேனல் (மின்சாரமும் வெந்நீரும் சேர்த்துத் தரும் சோலார் பேனல்), 200 லிட்டர் டேங்க், போர் தண்ணீர். டேங்க் தண்ணீர் மாலை 48 டிகிரி, காலை 34 என்கிறீர்கள். பேனலும் டேங்கும் ஒரே மட்டத்தில் இருப்பதால் முதல் சந்தேகம் இரவில் நடக்கும் தலைகீழ் ஓட்டம்தான்: பம்ப் நின்றதும் டேங்க் வெந்நீர் பேனலுக்குப் போய் வானத்துக்குச் சூட்டை விட்டுவிட்டுத் திரும்புகிறது.

விடிவதற்கு முன் பேனல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அதேதான். பம்புக்கு அடுத்து, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போடுங்கள். ஏற்கெனவே இருந்தால் கழற்றிப் பாருங்கள். உப்பு படிந்து மூடாமல் நிற்கும்.

அந்த உப்பு பேனலுக்குள்ளும் படிந்திருக்கும். சூடு தண்ணீருக்கு இறங்காமல் சோலார் செல் கொதிக்கும். 10 டிகிரி கூடினால் மின்சாரம் சுமார் 4 சதவீதம் குறையும். அதைவிடப் பெரிய சரிவு என்றால் தூசி, நிழல், கனெக்டரைப் பாருங்கள்.

உள்ளே செம்புக் குழாய் என்றால், மாலையில் டேங்க் இணைப்பைப் பிரித்துவிட்டு, 10 லிட்டர் தண்ணீரில் அரை கிலோ சிட்ரிக் ஆசிட் கரைத்துச் சின்ன பம்பில் ஒரு மணி நேரம் சுற்ற விடுங்கள், பிறகு நன்றாக அலசுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். அலுமினியமா என்று தெரியாவிட்டால் தயாரிப்பாளரைக் கேட்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

நம்மூர் போர் தண்ணீருக்கு நிரந்தர வழி, டேங்குக்குள் சுருள் குழாய் (coil) வைத்த மூடிய சுற்று: பேனலில் ஓடும் தண்ணீர் போர் தண்ணீரோடு கலக்காமல், சுருள் வழியாகச் சூட்டை மட்டும் கொடுக்கும். அதில் ஆர்ஓ தண்ணீரும் துருத் தடுப்பானும் ஊற்றி, சூட்டில் பெருகும் தண்ணீருக்கு எக்ஸ்பான்ஷன் டேங்கும், அழுத்தம் கூடினால் திறக்கும் பிரஷர் ரிலீஃப் வால்வும் கட்டாயம் வையுங்கள். வேலூரில் உறைபனி இல்லை, ஆன்டிஃபிரீஸ் செலவு வீண். கண்ணாடி மூடாத பேனலில் 60 டிகிரி எதிர்பார்க்காதீர்கள். குளிக்க 45 போதும்.