அரண்டவனும் அரள வைத்தவர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்குப் பதினைந்து வயது. எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு பேய்ப்படம் பார்க்கிறான். அப்புறம் பாத்ரூம் போகப் பயந்துகொண்டு என்னை எழுப்புகிறான். பயப்படுவதற்கென்றே ஒன்றைத் தேடிப்போய்ப் பார்ப்பானேன்? 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். அறிவியல் வளர வளர இதெல்லாம் போய்விடும் என்று நினைத்திருந்தேன், அப்படித் தெரியவில்லை. இந்தத் திகில் கதைகளுக்கெல்லாம் ஏதாவது மதிப்பு உண்டா?

ர.

அன்புள்ள ர.,

முதலில் அந்தப் பழமொழியோடு எனக்கு ஒரு சின்னத் தகராறு. அரண்டவனைக் கேலி செய்கிறது, சரி. அவனை அரள வைத்தது யார் என்று அது கேட்பதே இல்லை.

அறிவியல் வந்தால் பயம் போய்விடும் என்கிறீர்கள். காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் 1882 மார்ச்சில் பெர்லினில் அறிவித்தார். பத்து வருஷம் கழித்து, 1892 ஜனவரியில், அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எக்ஸிட்டர் என்ற ஊரில் மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண் அதே நோயில் செத்துப்போனாள். அம்மாவும் அக்காவும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அண்ணன் எட்வின் படுக்கையில். செத்தவர்களில் யாரோ ஒருத்தர்தான் எட்வினின் உயிரை உறிஞ்சுகிறார் என்று முடிவுகட்டிய ஊர்க்காரர்கள், மூன்று உடல்களையும் திறந்து பார்த்துவிடலாம் என்று அப்பாவை நச்சரித்தார்கள். அவருக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை, ஆனாலும் தலையாட்டிவிட்டார். அம்மாவும் அக்காவும் மக்கிப்போய்க் கிடந்தார்கள். மெர்சி மட்டும் அப்படியே இருந்தாள், இதயத்தில் ரத்தம் வேறு இருந்தது. கடுங்குளிரில் இரண்டே மாதம் கிடந்த உடல் பின்னே எப்படி இருக்கும்? கூட இருந்த டாக்டரே இதில் விசேஷம் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார். யார் காதில் வாங்கினார்கள்! இதயத்தை எடுத்து எரித்து, சாம்பலைக் கரைத்து எட்வினைக் குடிக்க வைத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவரும் போய்விட்டார்.

இதில் எனக்கு மறக்கவே முடியாத ஆள் அந்த அப்பாதான். அவர் எந்தப் பேய்க்கும் பயப்படவில்லை, ஊருக்குப் பயந்தார்.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி அச்சம் பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறை'. ஆளை வருத்தும் அணங்கு, மிருகம், திருடன், அப்புறம் அரசன். பேயையும் புலியையும் சொன்ன அதே மூச்சில் ஆளுகிறவனையும் சேர்த்துவிட்டு, இதில் வாதத்துக்கே இடமில்லை என்பதுபோல 'பிணங்கல் சாலா' என்று முடிக்கிற அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்கு உரிமை இருந்தால் ஐந்தாவதாக ஊர் என்று ஒன்றைச் சேர்ப்பேன். அறிவியலால் முதல் அச்சத்தைக் குறைக்க முடியும். கடைசி இரண்டும் கிருமியைக் கண்டுபிடித்தால் போகிற சமாச்சாரங்கள் இல்லை.

திகிலுக்கு மதிப்பு உண்டா என்று கேட்டீர்கள். அதே மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, பெருமிதம், உவகையோடெல்லாம் சமமாக உட்காரவைத்து, எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாகத்தான் அச்சத்தையும் எண்ணுகிறது. மெய்யில் தெரிவதால்தான் மெய்ப்பாடு. போர்வைக்குள் உங்கள் மகனுக்கு மயிர்க்கூச்செறிகிறது, கை வேர்க்கிறது. ஆனால் நிறுத்தும் பொத்தான் அவன் விரலடியில் இருக்கிறது. உடம்புக்கு அது பொய் என்று தெரியாது, அவனுக்குத் தெரியும். வெளியே வழியுள்ள ஒரு பயத்துக்குள் போய்வருவதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது. எட்வினின் அப்பாவுக்கு அப்படி ஒரு பொத்தான் கிடைக்கவில்லை.

(எல்லாத் திகில் படத்துக்கும் வக்காலத்து வாங்கவில்லை. டமால் என்று கதவை அறைந்து தூக்கிவாரிப்போட வைப்பதைப் பட்டாசுகூடச் செய்யும்.)

நல்ல பேய்க்கதையில் பேய்க்கு ஒரு பழைய கணக்கு இருக்கும். யாரோ ஏமாற்றியிருப்பார்கள், கொன்று மறைத்திருப்பார்கள், உயிரோடு இருந்தபோது அவள் பேச்சை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பாதிக் கதைவரை அவளுக்குப் பயந்துகொண்டிருந்த நாம், அதற்குப்பின் அவள் பழிவாங்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிடுகிறோம். எக்ஸிட்டரில் மெர்சிக்கு அந்தப் பாதிக் கதைக்குமேல் கிடைக்கவே இல்லை. அவளும் அதே நோயில் செத்தவள்தான் என்று யாருக்கும் உறைக்கவில்லை.

அதனால் போனைப் பிடுங்காதீர்கள். அடுத்த தடவை எழுப்பினால் கூடப்போய் பாத்ரூம் லைட்டைப் போட்டுவிட்டு, அந்தப் பேய் ஏன் பேயானது என்று கேளுங்கள். நடுராத்திரியானாலும் அவன் முழுக்கதையையும் சொல்வான், கொஞ்சம் தூக்கம் கெடும்.