கடல் வழியாகப் பக்கத்து நாடு போக: எந்தத் துறை, எந்தப் படகு?

பர்மாவில் யாங்கூன், மோல்மேன், தட்டோன், பக்கோ பக்கம் இருக்கும் நம் தமிழர்கள் ஃபெர்ரியில் வெளிநாடு போவது பற்றிக் கேட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். துறைமுகப் பக்கம் டிக்கெட், பேப்பர் வேலை பார்த்துப் பழகியவன் நான். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். விமானத்தில் போவதே நல்லது என்று தோன்றிய இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (மோல்மேன், ஒரு தம்பி): அண்ணா, வரைபடத்தில் பார்த்தால் நம் தென்கோடி ஊர் கவ்தாங்கிலிருந்து தாய்லாந்து கூப்பிடு தூரம். படகில் ரனோங் போய் இறங்கி, அப்படியே பஸ் ஏறி பாங்காக் போய்விடலாமா?

பதில்: கூப்பிடு தூரம்தான். நம் பெரியவர்கள் இன்றும் விக்டோரியா பாயிண்ட் என்று சொல்லும் அந்த ஊருக்கும் ரனோங்குக்கும் நடுவில் பாக்சான் ஆற்றின் முகத்துவாரம் மட்டும்தான். படகு அரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். சிக்கல் தண்ணீரில் இல்லை தம்பி, அக்கரையில் குத்தும் முத்திரையில் இருக்கிறது.

பார்டர் பாஸில் போனால் எல்லைப் பகுதியோடு சரி. ரனோங் சந்தை, ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் வீடு என்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதை வைத்துக்கொண்டு பாங்காக் பஸ் ஏறினால் வழியில் இருக்கும் சோதனைச் சாவடியிலேயே இறக்கிவிடுவார்கள். சரி, பாஸ்போர்ட் இருக்கிறதே என்பாய். நம் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 14 நாள் விசா வேண்டாம் என்று 2015-ல் இரண்டு நாடும் செய்துகொண்ட ஒப்பந்தம் சர்வதேச விமான நிலையம் வழியாகப் போகிறவர்களுக்குத்தான். படகில் போய் இறங்குகிறவருக்கு அது கிடையாது. கடல் வழியாகத்தான் போவேன் என்றால் யாங்கூனில் தாய்லாந்து தூதரகத்தில் விசா வாங்கிக்கொண்டு கிளம்பு. பாங்காக் மட்டும்தான் வேலை என்றால் விமானத்தில் போ. விசாவுக்கு அலையும் செலவையும் கணக்கில் சேர்த்தால் படகு மலிவு என்று சொல்ல முடியாது.

எந்த வழியாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: நம் பாஸ்போர்ட்டுக்கு அந்தத் துறையில் என்ன முத்திரை குத்துவார்கள்? அப்புறம் பருவம், அப்புறம் கடைசிப் படகு எத்தனை மணிக்கு. டிக்கெட் விலை கடைசி.

கேள்வி (கவ்தாங்கில் மகன் வீட்டில் இருக்கும் ஓர் அம்மா): எனக்கு எழுபது வயசு, முழங்கால் வலி. ரனோங் ஆஸ்பத்திரிக்குப் போகணும். அந்தச் சின்னப் படகில் ஏறி இறங்க முடியுமா?

பதில்: முடியும் அம்மா, ஆனால் நேரம் பார்த்துப் போங்கள். அந்தப் பக்கம் கடலின் ஏற்றமும் வற்றமும் அதிகம். தண்ணீர் வற்றியிருக்கும்போது படகு துறைக்கு வெகு கீழே கிடக்கும். பாசி பிடித்த படிகளில் இறங்கி, கடைசிப் படியிலிருந்து ஆடும் பலகை மேல் கால் வைக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பெரிய சோதனை. தண்ணீர் ஏறியிருக்கும் வேளையில் போனால் இரண்டு மூன்று படியோடு முடிந்துவிடும். படகுக்காரரிடம் முந்தின நாளே கேட்டால் எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும் என்று சொல்லிவிடுவார்.

நீளத் தண்டு மோட்டார் பின்னால் இருப்பதால் அந்தப் பக்கம் சத்தமும் புகையும். முன்பக்கம் உட்கார்ந்தால் அலையில் தூக்கிப் போடும். நடுவில் உட்காருங்கள். காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் தண்ணீர் அடிக்கும், அதனால் ஆஸ்பத்திரிச் சீட்டு, பாஸ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரவிக்கைக்குள்ளோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். மிதவைச் சட்டை ஈரமாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தாய்லாந்துக் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே குடிநுழைவு அலுவலகம் மூடும் நேரத்தை நம் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டு இருந்தால் அன்றிரவு ரனோங்கில்தான் படுக்கை.

கேள்வி (பக்கோ, ஓர் அண்ணன்): தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை போக ஆசை. கொஞ்சமாவது கடலில் போகிற மாதிரி ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: நல்ல காலத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். அந்தமான் கடல் பக்கம் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று, கடல் முரண்டு பிடிக்கும். தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரியில் அமைதியாக இருக்கும்.

பாங்காக் வரை விமானம். அங்கிருந்து ரயிலில் ஹட்யாய், பிறகு சாலை வழியாக சத்தூன். சத்தூன் பக்கத்தில் தம்மலாங் துறையிலிருந்து மலேசியாவின் லங்காவித் தீவில் குவா துறைக்கு ஃபெர்ரி, ஒன்றரை மணி நேரத்துக்கு உள்ளே. லங்காவியிலிருந்து கோலா பெர்லிஸ் அல்லது கோலா கெடாவுக்கு இன்னொரு ஃபெர்ரி. பெர்லிஸ் கிட்ட, ஆனால் பினாங்கு போகிறவருக்குக் கெடாதான் சௌகரியம். கடலில் கொஞ்சம் கூட நேரம் ஆனாலும் பஸ்ஸில் உட்காரும் நேரம் குறையும்.

தாய்லாந்தின் லிப்பே தீவு வழியாகவும் லங்காவி போகலாம் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். அந்தப் படகு நவம்பர் வாக்கிலிருந்து மே வரைதான். தீவுக் கடற்கரையிலேயே குடிநுழைவு வேலை முடியும், மணலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். காவடி சாமான் கொண்டுபோகிறவருக்கு அது வேண்டாம்.

இனி முக்கியமானது. மலேசிய விசாவை யாங்கூனிலேயே முடித்துக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். திரும்பும்போதும் அதே ஃபெர்ரியில் சத்தூன் வந்து இறங்கலாம் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். போகும்போது பாங்காக்கில் விமானத்தில் இறங்கியதால் விசா கேட்டிருக்க மாட்டார்கள், வரும்போது கடல் வழியாக நுழைந்தால் கேட்பார்கள். இந்த வழியில் போகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் திரும்பும் பயணத்துக்குப் பினாங்கிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ விமானம் போட்டுக்கொள்ளுங்கள்.

தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும், அந்தந்த நாட்டில் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். இரண்டும் இலவசம். பணம் கேட்கிற தளம் வந்தால் மூடிவிடுங்கள், அது அரசாங்கத் தளம் இல்லை.

கேள்வி (தட்டோன், ஓர் ஆசிரியை): டிக்கெட் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. என் பாஸ்போர்ட்டில் பர்மியப் பெயர் ஒரே தொடராக இருக்கிறது. வீட்டில் கூப்பிடும் தமிழ்ப் பெயரை ஒரு கட்டத்தில் போடலாமா?

பதில்: போடவே போடாதீர்கள் டீச்சர். பாஸ்போர்ட்டில் இல்லாத எழுத்து ஒன்றுகூட டிக்கெட்டில் வரக்கூடாது. பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தில் அடியில் அம்புக்குறி மாதிரி அடையாளங்களோடு இரண்டு வரி இருக்கிறதே, துறையில் இருக்கும் இயந்திரம் படிப்பது அதைத்தான். அதில் உங்கள் பெயர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். பிரியாமல் இருந்து, படிவம் இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடவில்லை என்றால், கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். முழுப் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. நேரில் கவுண்டரில் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

கேள்வி (யாங்கூன், ஒரு தங்கை): அக்கா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். நான் போய்த் தங்கும்போது 30 நாள் முடிகிற சமயம் பக்கத்தில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போய் வந்தால் இன்னொரு 30 நாள் கிடைக்குமாமே?

பதில்: கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், துறையிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களும் இருக்கிறார்கள். எத்தனை நாள் என்று முடிவு செய்வது கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. நாளை நீட்டிக்கத்தான் போய் வந்தாய் என்று அவருக்குத் தோன்றினால் முடிந்தது. அந்த எண்ணத்தோடு போகாதே, சுற்றிப் பார்க்கப் போ. ஆசியான் நாட்டவர் என்பதால் இந்தோனேசியாவில் நமக்கு விசா வேண்டாம்.

சிங்கப்பூரின் ஹார்பர்ஃபிரண்ட் துறையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் பாத்தாமில் துறை ஒன்றல்ல: பாத்தாம் சென்டர், செக்குபாங், ஹார்பர் பே என்று தீவின் வெவ்வேறு மூலையில் இருக்கின்றன. எங்கே தங்கப்போகிறாயோ அதற்குக் கிட்டத்தில் இருக்கும் துறைக்கு டிக்கெட் எடு. திரும்பும் டிக்கெட்டும் பெரும்பாலும் அதே கம்பெனி, அதே துறைக்குத்தான் செல்லும். பாத்தாம் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது புறப்படும் ஊரின் நேரம். சிங்கப்பூருக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் அவர்களுடைய வருகை அட்டையைப் புதிதாக நிரப்ப வேண்டும், படகில் வந்தாலும்தான்.

கேள்வி (அதே தங்கை): அப்பா கூன்யா (வெற்றிலைப் பாக்கு) போடுவார். கொண்டுபோகலாமா?

பதில்: புகையிலை வைத்த கூன்யா சிங்கப்பூருக்குள் கூடவே கூடாது, மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை. சிகரெட்டுக்கும் வரியில்லாச் சலுகை கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் வரி. லெப்பே (ஊறவைத்த தேயிலை) கொண்டுபோங்கள், மூடி இறுக்கமாக இருக்கட்டும். ஙப்பியை (மீன் விழுது) மட்டும் அடைத்த ஃபெர்ரி அறைக்குள் கொண்டுவராதீர்கள், பக்கத்து சீட்டுக்காரர் பாவம்.

கேள்வி (யாங்கூன், ஒரு பெரியவர்): இந்தோனேசியாவில், சுமத்ராவின் மேடானில் எங்கள் பங்காளிகள் இருக்கிறார்கள். பினாங்கிலிருந்து மேடானுக்குக் கப்பல் உண்டென்று கேள்விப்பட்டேன்.

பதில்: இருந்தது ஐயா, பினாங்கிலிருந்து மேடானின் துறைமுகமான பெலாவானுக்கு ஃபெர்ரி. அது நின்று பல வருடம் ஆகிவிட்டது, பழைய பயணப் புத்தகங்களில்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மலாக்காவிலிருந்து சுமத்ராவின் டுமாய்க்குப் படகு இரண்டு மணி நேரம்தான், வரைபடத்தில் ஆசை காட்டும். ஆனால் டுமாயிலிருந்து மேடானுக்கு ஓர் இரவு முழுக்க பஸ். போர்ட் கிளாங்கிலிருந்து தஞ்சோங் பாலாய் போகும் வழியில் கடல் நேரம் கூடுதல், சாலை நேரம் குறைவு. இரண்டில் ஒன்று என்றால் அதைச் சொல்வேன். உங்கள் வயதுக்கு, பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானம். ஏறி உட்கார்ந்ததும் இறங்கச் சொல்வார்கள். மிச்சமாகும் நேரத்தில் மேடானின் கம்போங் மெட்ராஸில் 1884-ல் கட்டிய மாரியம்மன் கோவிலைப் பார்த்துவிட்டு வரலாம்.

கேள்வி (யாங்கூன், ஓர் அம்மா): இந்தியாவுக்குப் போய்ச் சொந்த ஊர் பார்த்துவிட்டு, நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போய் நல்லூர் முருகனையும் பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. 2023 அக்டோபர் 14 அன்று செரியபாணி என்ற கப்பலோடு அந்த வழி தொடங்கியது. சில நாளிலேயே வடகிழக்குப் பருவமழை வந்து நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 16 முதல் சிவகங்கை என்ற கப்பல். ஏறக்குறைய 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்தில் காங்கேசன்துறை. அங்கிருந்து யாழ்ப்பாணம் டவுன் இருபது கிலோமீட்டருக்குள். போகிற வழியில் மாவிட்டபுரம், கீரிமலை இரண்டையும் பார்த்துவிடலாம்.

இங்கே பருவக் கணக்கு நம் பக்கத்துக்கு நேர் எதிர். அந்தமான் கடல் அமைதியாகத் தொடங்கும் அக்டோபர், நவம்பரில்தான் பாக் நீரிணை கொந்தளிக்கும், கப்பலை நிறுத்துவார்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள், ஆகஸ்டை ஒட்டி வரும். அந்தச் சமயம் போகலாம். ஆனால் காற்றுக்காக ஒரு நாள் ஓடாமல் போவது உண்டு, அதனால் சென்னையிலிருந்து திரும்பும் விமானத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் இரண்டு நாளாவது இடம் விடுங்கள்.

விசாதான் இங்கேயும் கழுத்தைப் பிடிக்கும். யாங்கூனில் இந்திய விசா எடுக்கும்போதே ஒரு தடவைக்கு மேல் நுழையும் விசாவாகக் கேளுங்கள். ஒற்றை நுழைவு என்றால் காங்கேசன்துறை போன பிறகு நாகப்பட்டினத்தில் மறுபடி இறங்க முடியாது. இ-விசா என்றால் எந்தெந்தத் துறைமுகம் வழியாக நுழையலாம் என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் நாகப்பட்டினம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே டிக்கெட்டைத் தொடுங்கள். இலங்கைக்குத் தனியாக இணைய அனுமதி வாங்க வேண்டும். கப்பலில் சாமான் எடைக்கு வரம்பு உண்டு, ஊரில் வாங்கிய பாத்திர பண்டத்தை இந்தியாவிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி (மோல்மேன், ஒரு தாத்தா): எங்க அப்பா காலத்தில் ரங்கூனில் ஏறினால் மதராஸில் இறங்குவார்கள். அப்படி ஒரு கப்பல் மறுபடி வராதா?

பதில்: பயணிகள் கப்பல் இன்று அந்த வழியில் இல்லை ஐயா, சரக்குக் கப்பலில் ஆளை ஏற்றவும் மாட்டார்கள். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல்கள் ஓடின. 1963, 64-ல் கடைகள் தேசியமயமான பிறகு நம் ஜனங்கள் மூட்டை கட்டிப் போனதும் கப்பலில்தான். பினாங்கு - நாகப்பட்டினம் - சென்னை வழியில் ரஜுலா என்ற கப்பலுக்கு அப்புறம் சிதம்பரம் கப்பல் ஓடியது. 1985-ல் அதில் தீப்பிடித்ததோடு அந்த வழியும் முடிந்தது. பிறகு விமானம் எல்லோருக்கும் கட்டுப்படியாகிவிட்டது. நான்கு நாள் சோறு போட்டு ஆளை ஏற்றிப்போக எந்தக் கம்பெனிக்குக் கட்டும்?

கேள்வி (பலர்): வாந்தி வராமல் இருக்க என்ன செய்வது?

பதில்: மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. கீழ்த்தட்டு, நடு சீட், போன் பார்க்கக் கூடாது. வெறும் வயிறும் கூடாது, மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறவும் கூடாது. இரண்டு இட்லி, இஞ்சி மிட்டாய் போதும். வேக ஃபெர்ரியில் ஏசி எலும்பைத் துளைக்கும், ஒரு சால்வை கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.